விளையாட்டு மதிப்புரைகளின் குணதோஷம்

வீடியோ விளையாட்டுகளுக்கு மதிப்புரை எழுதுகிறவர்களைக் குறித்து, அவற்றை ஆடுகிறவர்களிடையே நெடுங்காலமாக ஒரு சந்தேகம் நிலவி வருகிறது. விளம்பரம் தருகிற கம்பெனியிடம் கை நீட்டி வாங்கிக்கொண்டு, அதற்குக் கைம்மாறாக மதிப்பெண்ணை வாரி வழங்குகிறார்கள் என்பதே அது. அச்சந்தேகம் முற்றிலும் ஆதாரமற்றது என்று தள்ளிவிட முடியாது. 2007-ஆம் ஆண்டில் ‘கேன் அண்ட் லிஞ்ச்’ என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு வெளிவந்த சமயம், அதன் விளம்பரங்களைப் பெரிதாகத் தாங்கி நின்ற கேம்ஸ்பாட் என்னும் அமெரிக்க ஏட்டிலேயே, அதன் ஆசிரியர் குழுவைச் சேர்ந்த ஜெஃப் கெர்ஸ்ட்மன் அதற்குப் பத்துக்கு ஆறு என்று எழுதினார். எழுதிய சில நாட்களில் வேலையை இழந்தார். அதன் உண்மைக் காரணத்தை அவர் வாய்திறந்து சொல்வதற்கு 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எனினும் இந்த உதாரணத்தையே சற்று நின்று பார்த்தால், விமர்சகர் விலைபோகவில்லை என்பதும், விலைபோகாததற்காகவே தண்டிக்கப்பட்டார் என்பதும் விளங்கும். சமீப காலத்து ஆக்‌ஷன் விளையாட்டுகளைப் பற்றியும், பாத்திரமேற்று ஆடும் ஆர்.பி.ஜி. விளையாட்டுகளைப் பற்றியும் எழுதப்படும் மதிப்புரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது, அவற்றைப் பீடித்திருக்கும் வியாதிக்கு லஞ்சம் என்று பெயரிடுவதைவிட அவசரம் என்று பெயரிடுவதே பொருந்தும் என்பதுதான்.

ஒரு நாவலை மதிப்பிடுகிறவன் இரண்டு இரவுகளில் அதைப் படித்து முடித்துவிடலாம். சினிமாவோ மூன்று மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால், பெரியதொரு ஆர்.பி.ஜி. அறுபது மணி நேரத்திலிருந்து நூறு மணி நேரம் வரை ஆட்டத்தைக் கேட்கிறது; அதற்கு மதிப்புரை எழுத வேண்டியவனுக்கோ, அது விற்பனைக்கு வருவதற்குச் சில நாட்களோ, மிஞ்சினால் இரண்டு வாரமோ முன்னதாகத்தான் பிரதி கிடைக்கிறது. இன்ன தேதி இன்ன மணிக்கு முன் ஒரு வார்த்தையும் வெளியிடலாகாது என்ற ஒப்பந்தமும் கூடவே வருகிறது. அந்த மணி அடித்த மறுகணமே எல்லா ஏடுகளும் ஒருமிக்கப் பேசத் தொடங்குகின்றன. பிந்தியவனை யாரும் படிப்பதில்லை. இந்தக் கடிகாரம் கம்பெனியின் கையில் இருக்கிறது. 2016 அக்டோபரில் பெதஸ்டா நிறுவனம், இனித் தன் விளையாட்டுகளின் பிரதிகளை வெளியீட்டுக்கு ஒரு நாள் முன்னதாக மட்டுமே விமர்சகர்களுக்கு அனுப்பப்போவதாக வெளிப்படையாகவே அறிவித்ததை எண்ணிப் பார்த்தால், விமர்சனத்தின் கால அவகாசம் என்பது எவ்வளவு தூரம் வியாபாரத்தின் தயவில் இருக்கிறது என்பது புலனாகும்.

இதன் விளைவை மிகத் தெளிவாகக் காட்டுவது, பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்து லாரியன் ஸ்டுடியோஸ் 2023 ஆகஸ்ட் 3 அன்று வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேட் 3’. அதன் முதல் அங்கம், 2020 அக்டோபரிலிருந்தே முன்னோட்டமாக விற்கப்பட்டு, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆடுவோரின் கைகளில் தேய்ந்து மெருகேறியிருந்தது. முழு விளையாட்டு விமர்சகர்களிடம் வந்து சேர்ந்ததோ, வெளியீட்டுக்குச் சில நாட்களே இருக்கும்போது. முடிக்க அவகாசம் இல்லை என்பதை ஒப்புக்கொண்டு, மதிப்பெண் இல்லாத இடைக்கால மதிப்புரையை மட்டும் பிரசுரித்த ஏடுகள் உண்டு. அவற்றின் நேர்மையைப் பாராட்ட வேண்டும். முன்னதாக வந்த பாராட்டுகளில் மிகுதியானவை முதல் அங்கத்தின் செழுமையைப் பற்றியவை. கதை பால்டர்ஸ் கேட் நகரத்துக்குள்ளேயே நுழைகிற மூன்றாம் அங்கத்தில் கம்ப்யூட்டர் திணறுவதும், கதையின் முடிச்சுகள் சில அவிழாமலே நிற்பதும், அத்தனை நாள் கூடவே நடந்த தோழர்களிடமிருந்து விடைபெறும் காட்சி விருட்டென்று முடிந்துவிடுவதும் பிற்பாடு பேசப்பட்டன. கார்லக் என்ற பாத்திரத்தின் முடிவு ஆகஸ்ட் மாதத்துக்குள்ளேயே விரிவாக்கப்பட்டது; நவம்பர் இறுதியில் வந்த ஐந்தாவது திருத்தம், ஆறு மாதத்துக்குப் பின் தோழர்கள் மீண்டும் கூடுகிற பின்கதை ஒன்றைப் புதிதாகச் சேர்த்தது. ஆக, ஆகஸ்ட் மாதத்து மதிப்புரை நூலின் கடைசி அத்தியாயம் எழுதப்படுவதற்கு முன்பே எழுதப்பட்டதாகிறது. அதிலுள்ள மதிப்பெண் மட்டும் இன்றும் மாறாமல் அங்கேயே நிற்கிறது.

எதிர்த் திசையில் நடந்ததற்குப் போலந்து நாட்டு ‘சைபர்பங்க் 2077’-ஐச் சொல்ல வேண்டும். 2020 டிசம்பர் 10 அன்று அது வெளிவருவதற்கு முன்னால், விமர்சகர்களுக்கு அனுப்பப்பட்டது கம்ப்யூட்டரில் ஆடும் பிரதி மாத்திரமே. தாங்கள் ஆடும்போது பதிவு செய்த காட்சிகளை வெளியிடவும் அவர்களுக்கு அனுமதி இல்லை, கம்பெனி தந்த காட்சிகளைத்தான் காட்ட வேண்டும். லட்சக்கணக்கானோர் வாங்கக் காத்திருந்த பழைய பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிகளில் அது எப்படி ஓடும் என்பதை எந்த விமர்சகனும் கண்ணால் காணவில்லை. காணாமலே மதிப்பெண் இட்டார்கள்; அது தொண்ணூறை ஒட்டி இருந்தது. வெளிவந்த பிறகு, வாங்கியவர்கள் கண்டது, மனிதர்கள் வெறும் காற்றில் மிதப்பதையும், தெருக்கள் கண்ணெதிரே மெல்ல மெல்ல உருக்கொள்வதையும், ஆட்டம் திடீரென்று நின்றுபோவதையும்தான். ஒரு வாரத்துக்கெல்லாம் சோனி நிறுவனம் அதைத் தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. திரும்ப வைக்க 2021 ஜூன் ஆயிற்று. பின்னர் 2023 செப்டம்பரில் வந்த 2.0 திருத்தமோ, திறன்களை வளர்க்கும் முறையிலிருந்து போலீஸ் துரத்தும் முறை வரை பலவற்றைப் புதுப்பித்துவிட்டது. இன்று ஒருவன் அதை வாங்கும்போது, 2020-இல் எழுதப்பட்ட புகழுரையும் வசையுரையும் இரண்டுமே அவனுக்கு வேறொரு பொருளைப் பற்றியவைதான். அந்த விமர்சகர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பழைய கருவிகளில் பார்க்கவில்லை என்று சிலர் எச்சரித்தே எழுதினார்கள். ஆனால், பாதி கண்ட ஒன்றுக்கு முழு எண் இட மறுத்திருக்கலாம் அல்லவா?

எண் என்று சொன்னதும், 2001-இல் தோன்றிய மெட்டாகிரிட்டிக்கைப் பற்றிப் பேசாமல் போக முடியவில்லை. பல ஏடுகளின் மதிப்பெண்களைத் திரட்டிச் சராசரி எடுத்து நூற்றுக்கு இவ்வளவு என்று சொல்வது அதன் தொழில்; எந்த ஏட்டுக்கு எவ்வளவு கனம் தருகிறது என்பதை மட்டும் அது வெளியிடுவதில்லை. ஒரு விமர்சகர் மூவாயிரம் சொற்களில் நிதானமாக எழுதியதன் சாரம் இரண்டு இலக்கங்களாகச் சுருங்கிப் போவதோடு நில்லாமல், அவ்விலக்கங்கள் பிறர் வயிற்றிலும் கை வைக்கின்றன. 2010-இல் அப்ஸிடியன் நிறுவனம் ஆக்கிய ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ 85 வாங்கினால் கூடுதல் தொகை உண்டு என்று வெளியீட்டாளர் ஒப்பந்தத்தில் இருந்தது, வாங்கியது 84. இத்தகவலை 2012-இல் வெளியே சொன்னவர் அதன் படைப்பாளிகளில் ஒருவரான கிறிஸ் அவலோனேதான். அந்த ஒரு எண் எந்த ஏட்டின் எந்த வரியில் குறைந்தது என்று யாரால் சொல்ல முடியும்? ஜப்பானிய ஏடான ‘ஃபமிட்சு’ நால்வரைக் கொண்டு ஆளுக்குப் பத்தாக நாற்பதுக்கு மதிப்பெண் இடுகிற வழக்கத்தில், ஒருவர் கருத்து இன்னொருவருடையதோடு முட்டுவதையாவது வாசகன் கண்ணால் காண்கிறான். சராசரியில் அந்த முட்டல் மறைந்துபோகிறது. ஐரோப்பாவில் யூரோகேமர் ஏடு 2015-இல் எண்களை ஒழித்துவிட்டு எட்டு வருஷம் தாக்குப்பிடித்தது; 2023-இல் ஐந்து நட்சத்திரத்தை ஏந்திக்கொண்டு திரும்பியது. எண்ணில்லாத எழுத்தைச் சந்தை மதிப்பதில்லை என்பதற்கு வேறு சாட்சியம் தேவையில்லை.

இத்தனை குறைகளையும் சொன்னபின், இந்த மதிப்புரையாளர்கள் சாதித்திருக்கும் ஒரு காரியத்தை நான் உயர்வாகவே கருதுகிறேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். கைவிரல்களில் நிகழும் ஓர் அனுபவத்தை எழுத்தில் பிடிக்கிற வித்தை அது. இலக்கிய விமர்சனத்துக்கோ சினிமா விமர்சனத்துக்கோ அந்தத் தேவை எழுந்ததே இல்லை. 2022 பிப்ரவரியில் ஃபிரம்சாஃப்ட்வேர் வெளியிட்ட ‘எல்டன் ரிங்’கில், ஸ்டார்ம்வேல் கோட்டையின் வாசலை மறித்து நிற்கும் மார்கிட் என்ற எதிரியை எடுத்துக்கொள்வோம். அவன் கைத்தடியைத் தலைக்கு மேலே ஓங்குகிறான். அதே நிறுவனத்தின் முந்தைய ‘டார்க் சோல்ஸ்’ ஆட்டங்களில் பழகிய கை, ஓங்கியதைக் கண்டவுடன் தானாகவே பொத்தானை அழுத்தி உருண்டு விலகுகிறது. மார்கிட்டோ அடிக்கவில்லை, ஓங்கிய தடியுடன் ஒரு கணம், இன்னும் அரைக் கணம், அப்படியே நிற்கிறான். உருண்டவன் எழுந்து நிமிர்கிற அந்த நொடியில்தான் தடி இறங்குகிறது. பழக்கத்தையே தூண்டிலாக்கிப் பழகியவனைப் பிடிக்கிற இந்தச் சூதை, அதன் நியாயத்தோடும் அநியாயத்தோடும், முதல் வாரத்திலேயே நல்ல விமர்சகர்கள் சிலர் இனங்கண்டு எழுதினார்கள்: எதிரியின் அசைவைப் பார்ப்பதை விட்டுத் தடியின் பாரத்தைப் பார்க்கக் கற்க வேண்டும் என்ற அளவுக்கு நுட்பமாக. எல்டன் ரிங்கின் இயக்குநர் ஹிடெடாகா மியாசாக்கியின் கலை இன்னது என்று இத்தகைய பத்தியொன்று விளக்குவதுபோல், அவரது உலகத்தின் புராண மரபை ஆராயும் பத்துப் பக்கங்கள் விளக்குவதில்லை. கைக்கும் கண்ணுக்கும் இடையில் நிகழ்வதைச் சொல்ல முடிகிற இந்தத் திறமைதான் இத்துறையின் உண்மையான சொத்து. அதை வளர்த்தவர்கள் சர்வகலாசாலைப் பேராசிரியர்கள் அல்லர், காலக்கெடுவுக்குள் தூக்கம் விழித்து எழுதிய பத்திரிகையாளர்களே.

ஆனால், அந்தத் திறமைக்குள்ளேயே ஒரு பட்சபாதம் ஒளிந்திருக்கிறது. கடினமான ஆட்டம் ஒன்று வந்தால், அவ்வகையை நேசித்து ஆடுகிறவனிடமே ஆசிரியர் அதைக் கொடுக்கிறார். தெரியாதவனிடம் கொடுத்து என்ன பயன் என்ற நியாயம் வலுவானதுதான். ஆயினும் 2024 ஜூனில் எல்டன் ரிங்கின் விரிவாக்கமான ‘ஷாடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ’ வந்தபோது, விமர்சகர்களின் சராசரி 95-ஐ ஒட்டி நிற்க, ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கியவர்களின் தீர்ப்பு, நன்றும் தீதும் கலந்தது என்ற நிலையில் கிடந்தது. அடி தாங்க முடியவில்லை என்பதும், பல கம்ப்யூட்டர்களில் ஆட்டம் தடுமாறுகிறது என்பதும் முறையீடுகள். வழியெங்கும் சிதறிக் கிடக்கும் ஸ்காடுட்ரீ துண்டுகளைச் சேகரித்தால் பலம் கூடும். பலர் அதைச் செய்யாமல் நேரே மோதிக் கெட்டார்கள். ஒரு வாரத்துக்குள் கம்பெனியே அத்துண்டுகளின் பயனைக் கூட்டித் திருத்தம் வெளியிட்டது. தேடித் திரியும் பழக்கம் ஊறிய விமர்சகனுக்கு இக்குறை குறையாகவே தோன்றியிராது.

ஆடுவோரின் கூட்டுத் தீர்ப்பு ஆகவே மேலானது என்று முடிவு கட்டுவதற்கும் இல்லை. 2020 ஜூன் 19 அன்று ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ வெளிவந்த அன்றே, இருபத்தைந்து மணி நேர ஆட்டத்தை ஒருவரும் முடித்திருக்க முடியாத வேளையில், ஆயிரக்கணக்கானோர் அதற்குச் சுழியத்தை அள்ளி வழங்கினார்கள். அதன்பின் மெட்டாகிரிட்டிக் வாசகர் மதிப்பெண்ணுக்கு 36 மணி நேரக் காத்திருப்பை விதித்தது. ஆனால், 2024 மார்ச்சில் காப்காமின் ‘டிராகன்ஸ் டாக்மா 2’ வந்தபோது, நகரத்துக்குள் நுழைந்தால் படம் தள்ளாடுவதையும், ஆட்டத்துக்குள்ளேயே தேடிப் பெறக்கூடிய பொருள்களுக்குக் கடையில் ரொக்க விலை வைத்திருப்பதையும் ஊரறியச் செய்தது அந்தக் கூட்டத்தின் கோபம்தான். சராசரி எண்பதுக்கு மேலிருந்த விமர்சனங்களைப் படித்து வாங்கிய பலருக்கு இவை புதிய செய்திகளாகவே இருந்தன. கூட்டத்துக்குக் கம்ப்யூட்டர்கள் பல. விமர்சகனுக்கு ஒன்றோ இரண்டோ.

கடைசியாக, கதையை வெளியிட்டுவிடக் கூடாது என்ற அச்சம். இதைத்தான் எல்லாவற்றினும் பெரிய தீங்காக நான் நினைக்கிறேன். பிரான்ஸின் மோன்பெலியே நகரத்தில் சாண்ட்ஃபால் என்ற சிறு குழு உருவாக்க, 2025 ஏப்ரல் 24 அன்று வெளிவந்த ‘கிளேர் அப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33’, அந்த ஆண்டின் பெரும் விருதுகள் பலவற்றை வாரிக்கொண்டது. ஓவியக்காரி ஒருத்தி ஆண்டுதோறும் ஒரு எண்ணை எழுத, அந்த வயதுடையோர் எல்லாரும் புகையாய்க் கரைந்து மறைகிற உலகம் அது. முறை வைத்து ஆடும் சண்டைக்குள், எதிரியின் அடியைக் கணம் தவறாமல் தட்டிவிடும் பரபரப்பை அது நுழைத்த விதத்தைப் பற்றியும், இசையைப் பற்றியும் வெளியீட்டு வாரத்து மதிப்புரைகள் வாயாரப் பேசின. ஆனால், மூன்றாம் அங்கத்துக்கு முன் கதை ஒரு புரளு புரண்டு, அதுவரை ஆடியவற்றின் பொருளையே தலைகீழாக்குகிறது. முடிவிலோ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி ஆடுகிறவனைத் தருமசங்கடத்தில் நிறுத்துகிறது. இவ்விளையாட்டு கலையா, கண்கட்டு வித்தையா என்பதைத் தீர்மானிக்கிற இடம் அதுதான். மதிப்புரைகள் அதை வாசலோடு விட்டுவிட்டுத் திரும்பின. பாரதக் கதை முழுதும் தெரிந்தவர்களே விடிய விடிய அமர்ந்து கூத்துப் பார்த்த ஊரில் பிறந்த எனக்கு, கதை தெரிந்துவிட்டால் ரசம் வற்றிவிடும் என்ற கொள்கை இன்றுவரை பிடிபடவில்லை. அந்த முடிவு கருணையா, கோழைத்தனமா என்ற வழக்கு, எண் எதுவும் இடாத நீண்ட கட்டுரைகளிலும் காணொளிகளிலும் பல மாதங்களுக்குப் பிறகே விரிவாக விசாரிக்கப்பட்டது. மெட்டாகிரிட்டிக்கின் கணக்கில் அவற்றுக்கு இடமில்லை. விருதுக்குழுக்களும் வாங்குவோரும் கண்டது ஏப்ரல் மாதத்து எண்ணைத்தான்.