ஏந்தியவளும் அருந்தியவளும்

புறநானூற்றிலே மதுவைப் பற்றிய பாடல்கள் பல உள. அவற்றுள் இரண்டினை அருகருகே வைத்து நோக்குதல் பயனுடைத்து.

நக்கீரர் பாடிய 56 ஆம் பாட்டிலே, யவனர் கொணர்ந்த மணமிக்க மதுவைப் பொற்கிண்ணத்தில் வளையணிந்த மகளிர் ஊட்ட, பாண்டியன் நன்மாறன் நாள்தோறும் மகிழ்ந்திருக்க வாழ்த்தப்படுகிறான். அரிக்கமேட்டில் 1945 இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடித் துண்டுகள் அவ்வணிகத்துக்குச் சான்று. ஆனால் மகிழ்ச்சி மன்னனுடையது. பெண்ணுக்குரியது கிண்ணத்தைத் தாங்கும் கை மட்டுமே.

அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய 235 ஆம் பாட்டோ வேறோர் உறவைக் காட்டுகின்றது. மது குறைவாயின் புலவர்க்கே ஈந்தான். மிகுதியாயின் அவர் அருந்திப் பாட, எஞ்சியதைத் தான் அருந்தினான். இங்கே பெண் ஏவலாள் அல்லள். அறிவினால் அவையில் இடம்பெற்றவள். தன் மகிழ்வை அவள் நாணி மறைக்கவுமில்லை.

வகுப்பறையில் இதனைச் சொல்ல நாம் தயங்குகிறோம். பிற்கால நீதிநூல் ஔவையாரை முன்னிறுத்தி இவரை மறைத்துவிடுகிறோம். இத்தயக்கம் வகுப்பறையோடு நின்றுவிடுவதன்று. நம் நாட்டில் பெண்களுக்கு மது விற்பது 1979 இல் தடைசெய்யப்பட்டது. 2018 ஜனவரியில் நீக்கப்பட்ட அத்தடை, எதிர்ப்பெழவே சில நாட்களுக்குள் மீண்டது.

குடியினாற் சீரழியும் தொழிலாளர் குடும்பங்களை நாம் அறிவோம். மதுவைப் போற்றுவது எமது நோக்கமன்று. ஆயினும், ஆணுக்குக் களிப்பாகும் கிண்ணம் பெண்ணுக்கு மட்டும் களங்கமாகுமெனில், அங்கே தீர்ப்பு வழங்குவது அறமன்று, அதிகாரமே. ஔவையின் பாட்டை முழுமையாகக் கற்பிப்போம்.