ஒகேனக்கலில் தண்ணீரைப் பார்ப்பது

ஒகேனக்கலுக்கு வருகிறவர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்கிறார்கள், மீன் வறுவல் சாப்பிடுகிறார்கள், பரிசலில் ஒரு சுற்று சுற்றிவிட்டு சாயங்கால பஸ்ஸில் ஊர் திரும்புகிறார்கள். அதெல்லாம் நானும் செய்வேன். ஆனால் நான் அங்கே போவது தண்ணீரைப் பார்க்க. உலகத்தில் இதைவிட ஆச்சரியமான பொருள் ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் இருப்பதாகவும் தோன்றவில்லை.

சித்திரை மாதத்து நடுப்பகலில் போங்கள். பென்னாகரம் தாண்டி மலைச் சாலையில் இறங்கும்போதே அனல் முகத்தில் அடிக்கும். ஆற்றங்கரைப் பாறையில் வெறுங்காலை வைத்தால் துள்ளிக் குதிக்க வேண்டியதுதான். அங்கிருந்து ஒரே எட்டில் தண்ணீருக்குள் காலை வையுங்கள். காலையிலிருந்து அதே சூரியன்தான் இரண்டின் மேலும் காய்ந்திருக்கிறது. பாறை கொதிக்கிறது, காவிரி குளிர்ந்து கிடக்கிறது! ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற ஒரு கலோரி வேண்டும். அதே ஒரு கிராம் கருங்கல்லுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும். வெயில் எவ்வளவு கொட்டினாலும் தண்ணீர் வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளும், சட்டென்று சூடாகாது. ராத்திரி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும். ஆற்றுக்குள் இருக்கும் கெண்டைக்கும் கெளுத்திக்கும் கோடையும் மார்கழியும் நமக்குத் தெரிகிற அளவுக்கு உறைக்காமல் போவது இதனால்தான். நம் உடம்பிலும் பாதிக்கு மேல் தண்ணீர்தான். நாற்பது டிகிரி வெயிலில் நடந்தாலும் உள்ளே 37 டிகிரி குலையாமல் இருப்பதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

பெரிய பங்கு வியர்வைக்கு. ஒரு கிராம் தண்ணீரை உறைநிலையிலிருந்து கொதிநிலை வரை கொண்டுபோக 100 கலோரி செலவாகும். அதே ஒரு கிராம் நம் தோலின் மேல் ஆவியாகிப் பறக்க ஏறக்குறைய 580 கலோரி வேண்டும். அத்தனையையும் அது நம் உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. மெயின் அருவிக்குப் பக்கத்தில் நின்றால் குளிக்காமலேயே உடம்பு குளிர்வதற்கும் இதுதான் காரணம். சாரல் காற்றில் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது, அதற்கான சூட்டைக் காற்றே தருகிறது. பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி பறிக்கிறவர்கள் உச்சி வெயிலில் குனிந்து நிமிர முடிவதும், திண்ணையில் மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும் இதே கணக்குதான்.

இப்போது அந்த எண்ணெய் மசாஜுக்கு வருகிறேன். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

பாறைமேல் நம்மைக் கிடத்தி, தலை முதல் கால் வரை எண்ணெயை ஊற்றி, எலும்பு எலும்பாகப் பிடித்துவிடுகிறார்கள். "அண்ணா, கைய லூசா விடுங்க, எண்ணெய் தானா உள்ள எறங்கும்" என்பார் மசாஜ் செய்கிறவர். அதன்பின் அருவிக்குள் போய் நின்றால் முதுகில் விழும் தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக உருண்டு ஓடும். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் ஆகாது என்று எல்லாருக்கும் தெரியும். அந்த ஆகாமை இல்லையென்றால் பூமியில் ஒரு உயிரும் இல்லை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனது. அந்தக் கொழுப்பு மூலக்கூறுக்குத் தண்ணீரை விரும்பும் தலை ஒன்று, தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும் வால் இரண்டு. தண்ணீருக்குள் விட்டால் போதும், யாரும் அடுக்கத் தேவையில்லை. தலைகள் வெளியே, வால்கள் உள்ளே என்று தாமாகவே இரண்டடுக்காகச் சேர்ந்து மூடிக்கொள்ளும். உள்ளே ஒரு தண்ணீர், வெளியே ஒரு தண்ணீர், நடுவே இந்த மெல்லிய எண்ணெய்ச் சுவர். அமீபா, ஆலமரம், அருவியில் கூச்சல் போடும் குழந்தை, எல்லாருடைய செல்லுக்கும் இதே ஏற்பாடு. அந்த அருவியில் நின்று முதுகில் உருளும் துளிகளைத் தொடும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

இதற்கெல்லாம் மூலம் என்ன? பள்ளிக்கூடத்தில் இரண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் என்று படித்ததுதான். 1780களில் கேவண்டிஷும் லவாய்சியரும் அதைக் காட்டும்வரை தண்ணீரைத் தனிமம் என்றே உலகம் நம்பியது. அந்த மூன்று அணுக்களும் நேர்கோட்டில் நிற்காமல் 104.5 டிகிரிக் கோணத்தில் வளைந்து நிற்கின்றன. ஆக்சிஜன் பக்கம் கொஞ்சம் எதிர்மின்சுமை, ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் நேர்மின்சுமை. அதனால் ஒரு மூலக்கூறு இன்னொன்றைப் பிடிக்கிறது, விடுகிறது, வேறொன்றைப் பிடிக்கிறது. கும்மியடிக்கிறவர்கள் ஆள் மாற்றி ஆள் மாற்றிக் கை தட்டுவதைப் போல. ஒரு பிடி நீடிப்பது ஒரு நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரம்தான். இந்தப் பிடி மட்டும் இல்லாவிட்டால் தண்ணீர் பூச்சியத்துக்கு வெகு கீழேயே கொதித்துப் போயிருக்கும். ஹைட்ரஜன் சல்பைடைப் பாருங்கள். தண்ணீரைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனமான மூலக்கூறு, ஆனாலும் மைனஸ் 60 டிகிரியிலேயே வாயுவாகிவிடுகிறது. காவிரி திரவமாக ஓடுவதே அந்த வளைவினால் கிடைத்த வரம்.

பரிசலில் போகும்போது அதே பிடியைக் கண்ணாலேயே பார்க்கலாம். மூங்கில் பிளாச்சுகளைப் பின்னிய வட்டமான பரிசல் அது. முன்பு அடியில் தோல் போர்த்துவார்கள், இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே ஆறு அமைதியாகும் இடத்தில் துடுப்பை நிறுத்தச் சொல்லுங்கள். ஓரத்தில், நிழல் விழும் இடத்தில், நீர்மேல் நடக்கும் பூச்சிகள் நிற்கும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் தண்ணீரின் மேற்பரப்பு லேசாகக் குழிந்திருக்கும், கிழியாது. கீழே மூலக்கூறுகள் பக்கத்தில் இருப்பவற்றை எல்லாத் திசையிலும் இழுக்கின்றன. மேலே காற்றுப் பக்கம் இழுக்க ஆள் இல்லாததால் அங்கே இருப்பவை ஒன்றோடொன்று இறுகி ஒரு தோலாகிவிடுகின்றன. பூச்சி அந்தத் தோலில் வாழ்கிறது.

கரையில் நிற்கும் மருத மரங்களையும் விட்டுவிடாதீர்கள். வேரில் இருக்கும் தண்ணீர் உச்சிக் கிளையின் கொழுந்துவரை எப்படிப் போகிறது? மரத்துக்குள் மோட்டார் இல்லை. இலைத் துளைகளில் ஒரு மூலக்கூறு ஆவியாகிப் போகும்போது தனக்குப் பின்னால் இருப்பதை இழுக்கிறது, அது அடுத்ததை இழுக்கிறது, இழுப்பு அடிவேர் வரை போகிறது. முடியைப் போல மெல்லிய குழாய்களில் தண்ணீர் அறுபடாத கயிறாக ஏறுகிறது. டப்ளினில் ஹென்றி டிக்ஸனும் ஜான் ஜோலியும் 1894-இல் இந்த விளக்கத்தை முன்வைத்தபோது பலர் நம்பவில்லையாம். நம்பமுடியாதுதான்! அண்ணாந்து பார்த்தால் எனக்கே இன்னும் நம்பமுடியவில்லை.

அருவி விழும் இடத்தில் நுரை வெள்ளையாகப் பொங்குகிறதே, அது வெறும் காட்சி அல்ல. காற்றைத் தண்ணீருக்குள் அடித்துக் கலக்கும் வேலை அங்கே நடக்கிறது. ஒரு லிட்டர் ஆற்று நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சுமார் 8 மில்லிகிராம்தான். மீன் உயிரோடிருப்பது அதை நம்பி. மீனை நம்பி நீர்நாய், முதலை, வறுவல் கடைக்காரர்கள், நான்.

கரைக்கும் குணம்! தண்ணீரின் குணங்களிலேயே பெரியது அதுதான். சர்க்கரை, உப்பு, ஆக்சிஜன், வேருக்கு வேண்டிய தாதுக்கள், நம் இரத்தத்தில் ஓடும் அத்தனையும் அது கரைத்துச் சுமப்பவை. ஆனால் எதைக் கரைக்கலாம், எதைக் கூடாது என்று அது பார்ப்பதில்லை. இதைத் தருமபுரிக்காரர்கள் அளவுக்கு அறிந்தவர்கள் குறைவு.

எங்கள் மாவட்டத்துப் பாறைகள் மிகப் பழையவை. ஒகேனக்கல் பகுதியில் இருக்கும் கார்பனடைட் பாறைக்கு வயது சுமார் 240 கோடி ஆண்டு. உலகில் அந்த வகைப் பாறைகளிலேயே பழையவற்றுள் ஒன்று. மாவட்டத்தின் பாறைகளில் பல இடங்களில் ஃப்ளோரைடு உள்ள தாதுக்கள் கலந்திருக்கின்றன. மழை பொய்த்து, கிணறு வற்றி, ஆழ்துளைக் கிணறு தோண்டத் தோண்ட, நெடுங்காலம் பாறையிடுக்கில் அடைந்து கிடந்த தண்ணீரைக் குடிக்க நேர்ந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பல ஊர்களில் அளவு அதைத் தாண்டியது. குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படிந்தது. வருடக்கணக்கில் குடித்தவர்களுக்கு மூட்டு இறுகி, முதுகு வளையாமல் போனது. ருசியில் தெரியாது, நிறத்தில் தெரியாது. கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் அடர்த்தியாகும். இந்தியாவில் ஃப்ளோரோசிஸ் என்னும் இந்த நோய் மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில். என் வகுப்பில் பற்கறையை மறைக்க வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த பிள்ளைகளை எனக்கு நினைவிருக்கிறது. அவர்களுக்காக இன்றும் மனசு கனக்கிறது.

அதே மாவட்டத்தின் ஓரத்தில் காவிரி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஆறு ஓடுவது பள்ளத்தில். தருமபுரி நகரம் அதைவிடச் சுமார் 200 மீட்டர் மேட்டில். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ எடை. தருமபுரி, கிருஷ்ணகிரி என இரண்டு மாவட்டத்துக்கு வேண்டிய தண்ணீரை மலையேற்றுவது விளையாட்டா? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளோரோசிஸ் பாதிப்புத் தணிப்புத் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் கடன் தந்தது. 1,928 கோடி ரூபாய்த் திட்டம், 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. ஆற்றிலிருந்து எடுத்து, சுத்திகரித்து, மோட்டார்களால் மேட்டுக்கு ஏற்றி, தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் குழாய்களில் அனுப்புகிறார்கள். எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் மனிதக் கை செய்த காரியங்களில் இதற்கு இணை எதுவும் இல்லை. அருவியைப் பார்க்க வருகிறவர்கள் அந்தக் குழாய்களையும் ஒரு நிமிஷம் நின்று பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடியில் கர்நாடகத்து மழைத் தண்ணீர் வந்துவிட்டால் ஆறு செம்மண் நிறத்தில் கரை புரளும், பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போட்டுவிடுவார்கள். தடை என்றால் தடைதான், அனுமதிக்கிற இடத்தில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். அந்தக் காட்சியும் ஈடு இணையற்றது. நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் தை, மாசியில் போகலாம். வெயில் சாயும்போது சூரியனுக்கு முதுகு காட்டி நின்றால் சாரலில் வானவில் கிடைக்கும்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே இன்னும் குடிக்கிற வீடாக இருந்தால் ஒரு பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துவிடுங்கள். தண்ணீருக்குள் என்ன கரைந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வதைப் போலச் சுவாரசியமான விஷயம் வேறில்லை.

என் அத்தை வீட்டில் வருஷக்கணக்கில் போர்த் தண்ணீரில்தான் சமையல். அதில் கால்சியமும் அதிகம். கால்சியம் பருப்பின் செல் சுவர்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எத்தனை விசில் விட்டாலும் துவரம்பருப்பு மணி மணியாக நிற்கும், அத்தை அடுப்படியில் புலம்புவார். குழாயில் ஆற்றுத் தண்ணீர் வந்த பிறகு ஒருநாள் சாப்பிடப் போனேன். "பாருடா, காவேரித் தண்ணில வெண்ணெயாட்டம் வெந்திருக்கு. களிக்கு ஊத்திக்க, இன்னொரு கரண்டி போடவா?" என்றார். போடச் சொன்னேன்.