காமில் கீலானியும் நம் பிள்ளைகளின் கதைப் புத்தகமும்

அரபு மொழியில் சிறுவர் இலக்கியம் என்றொரு தனித்துறை உண்டா என வினவுவோர்க்கு அறிஞர்கள் முதலிற் சுட்டும் பெயர் காமில் கீலானி. மன்ஃபலூத்தியையும் அஹ்மத் ஷவ்கியையும் தாஹா ஹுஸைனையும் ஓரளவேனும் அறிந்த நம் தமிழ் முஸ்லிம் வாசகர்கள் இவரை அறியாதிருப்பது வியப்பன்று. சிறுவர்க்கு எழுதுவோனை எழுத்தாளனாகக் கருதும் வழக்கம் நம்மிடையே குறைவு. அவ்வழக்கம் அரபு நாடுகளிலும் குறைவாகவே இருந்தது. அதனை மாற்றியவர்களுள் முதல்வர் இவரே என்று துணிந்து கூறலாம்.

1897-ஆம் ஆண்டு கெய்ரோ நகரின் கோட்டைப் பகுதியிற் பிறந்த கீலானி, இளமையிலேயே திருக்குர்ஆனை மனனம் செய்தவர். பின்னர் புதுமுறைப் பள்ளியிலும் எகிப்தியப் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். அஸ்ஹரின் பாடங்களிலும் அமர்ந்து ஸர்ஃப், நஹ்வு, மன்திக் கலைகளைக் கேட்டார். இவ்விரு கல்வியும் ஒருவரிடத்தே கூடியதை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். 1922-இல் அவ்காஃப் அமைச்சகத்திற் பணியேற்று 1954 வரை அங்கேயே இருந்தார். முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசாங்கக் கோப்புகளுக்கு நடுவே வாழ்ந்த ஒருவர், ஏறத்தாழ இருநூறு சிறுவர் நூல்களை வெளியிட்டார் எனில் அந்த உழைப்பைப் பற்றி நாம் தனியே சொல்ல வேண்டுவதில்லை. பெரியோர்க்கான இலக்கியத்திலும் அவர் கை வைக்காமலில்லை. இப்னுர் ரூமியின் கவிதைகளைத் தொகுத்தார். இப்னு ஸைதூனின் திவானைப் பதிப்பித்தார். மஅர்ரியின் ‘ரிஸாலத்துல் குஃப்ரான்’ என்னும் கடினமான நூலையும் பதிப்பித்தார். மஅர்ரியைப் படித்துக் களைத்த கைதான் சிந்துபாதின் கதையையும் எழுதிற்று.

அச்சிந்துபாத் வெளிவந்தது 1927-இல். அதற்கு முன் அரபியில் சிறார்க்கென ஒன்றுமே இல்லை என்று கூறுவது பிழை. முஹம்மத் உஸ்மான் ஜலால், பிரெஞ்சுக் கவி லா ஃபோந்தேனின் விலங்குக் கதைகளை அரபுச் செய்யுளாக்கியிருந்தார். ஷவ்கியும் அவ்வகையிற் பாடியிருந்தார். ஆனால் அவை செய்யுள். ஆசிரியர் உடனிருந்து பொருள் சொன்னாலன்றிப் பிள்ளைக்கு விளங்காதவை. பிள்ளை தனியே ஒரு மூலையில் அமர்ந்து, யாருடைய துணையுமின்றித் தானே படித்து மகிழத்தக்க உரைநடைப் புத்தகத்தை வரிசை வரிசையாகத் தந்தவர் கீலானியே.

அவர் கையாண்ட முறையைச் சற்று விரிவாகவே நோக்குவோம். கெய்ரோவின் பிள்ளை வீட்டிற் பேசுவது ஒரு மொழி. நூலிற் காண்பது வேறு மொழி. பிள்ளைக்கு எளிதாக இருக்கட்டுமென்று பேச்சுவழக்கில் எழுதுவதற்கு அவர் இசையவில்லை. தூய அரபியிலேயே எழுதினார். அதே வேளையில் அம்மொழியைப் பிள்ளையின் தலைமேல் எறிந்துவிட்டுப் போகவுமில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஜபர், ஜேர், பேஷ் இட்டார். அரபியறிந்தோர் இதன் அருமையை உணர்வர்: குறியீடில்லாத அரபு வரியைப் பிழையின்றிப் படிக்க இலக்கணம் முன்னரே தெரிந்திருக்க வேண்டும், இலக்கணம் தெரியாத பிள்ளை எங்ஙனம் படிப்பான்? கீலானியின் புத்தகத்தில் அவன் படிக்கப் படிக்க இலக்கணம் நாவிற் படிந்துவிடுகிறது. புதிய சொல்லொன்று வந்தால் அடுத்தே அதன் பொருளும் வரும். அச்சொல்லே சில வரிகள் கடந்து மீண்டும் வரும். இன்னொரு பக்கத்தில் வேறு வேற்றுமையில் மறுபடியும் வரும். இப்பதிற்றுரையைக் குறை என்போர் உளர். பாலகனுக்கு ஊட்டும் தாய் ஒரு கவளத்தோடு நிறுத்துவதில்லை என்பதே நம் விடை. வயதுக்கேற்பப் படிநிலை வகுத்து, இளையோர்க்குப் பெரிய எழுத்தும் குறுகிய வாக்கியமும், மூத்தோர்க்கு அடர்ந்த நடையும் என அமைத்ததும் அவருடைய திட்டமே.

கதைகளை அவர் எங்கெங்கிருந்தோ திரட்டினார். ஆயிரத்தோர் இரவுகள், ஜுஹாவின் வேடிக்கைகள், ஷேக்ஸ்பியரின் நாடகங்கள், கலிவரின் கடற்பயணங்கள், ராபின்சன் குரூசோ என அப்பட்டியல் நீளும். ‘இந்தியக் கதைகள்’ என்றொரு வரிசையும் உண்டு. ராமாயணக் கதையைத் தழுவி எழுதிய நூலும் அதனுள் அடங்கும். கெய்ரோப் பிள்ளைகள் அதனைப் படித்து வளர்ந்தனர். அதனால் யாருடைய ஈமானும் குலைந்ததாக நாம் கேட்டதில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்விலிருந்தும் ஒரு வரிசை எழுதினார்.

இவையனைத்தினும் நம் உள்ளத்தைக் கவர்ந்தது ‘ஹய்யு இப்னு யக்ளான்’. 1185-இல் மறைந்த அந்தலூஸிய மெய்ஞ்ஞானி இப்னு துஃபைல் மூலத்தில் இதனை எழுதியது தத்துவ அறிஞர்க்காக. மனித வாடையற்ற தீவில் மானொன்று பாலூட்டி வளர்த்த குழந்தை ஹய்யு. வளர்த்த மான் ஒருநாள் இறந்துபடுகிறது. கண் இருக்கிறது, காது இருக்கிறது. ஆனால் தாய் அசையவில்லை. அவளிடமிருந்து அகன்றது எது எனத் தேடி அதன் மார்பைப் பிளந்து பார்க்கிறான் சிறுவன். அங்கிருந்து தொடங்கும் வினா, விண்மீன்களையும் சுழலும் வானத்தையும் கடந்து, படைத்தோன் ஒருவன் உளன் என்னும் முடிவிற்கு அவனைக் கொண்டு செல்கிறது. கலாம் நூல்களில் நாம் பல மாதம் போராடிப் படித்ததை, தாயை இழந்த பிள்ளையின் துயரமாக்கிச் சிறுவர் கையிற் கொடுக்கலாம் என்று துணிந்த மனிதரை என்னவென்பது! அறநெறியை வெளிப்படையான உபதேசமாகக் கூறாது கதையினுள்ளே கரைத்து விடுவதே கீலானியின் வழக்கம்.

இனி மறுதரப்பு. மௌலானா அபுல் ஹஸன் அலீ நத்வீ (ரஹ்) அவர்கள் தம் சகோதரர் மகனை விளித்து எழுதிய ‘கஸஸுன் நபிய்யீன் லில் அத்ஃபால்’ நம் மதரஸாக்கள் பலவற்றிற் பாடநூல். அதன் முன்னுரையில், பிள்ளைகளின் கையில் பூனை, நாய், சிங்கம், ஓநாய், குரங்கு, கரடி ஆகியவற்றின் கதைகளே காணப்படுகின்றன என்று மௌலானா வருந்துகிறார். அதற்குப் பொறுப்பாளிகள் நாமே என்றும் ஒப்புக்கொள்கிறார். யாரையும் அவர் பெயர் சுட்டவில்லை. எனினும் எகிப்திலிருந்து வந்துகொண்டிருந்த சிறுவர் நூல்களை அறிந்த எவர்க்கும் கீலானி நினைவுக்கு வராமற் போகார்.

அந்த வருத்தத்தை நாம் முழுமையாக ஏற்றிருந்தோம். ஏற்றது மட்டுமன்று, ஆசிரியப் பணியின் தொடக்க நாட்களில், சிந்துபாதை மறைத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவனிடமிருந்து அப்புத்தகத்தைப் பறித்தோம். ராட்சதப் பறவையும் பாம்புப் பள்ளத்தாக்கும் ஓதும் பிள்ளைக்கு எதற்கு என்பது நம் கருத்து. மறுவாரம் குறியீடில்லாத பக்கமொன்றை வகுப்பில் வாசிக்கச் சொன்னபோது, ஏனையோர் தடுமாறிய இடமெல்லாம் அவன் ஒருவனே தடையின்றிக் கடந்து சென்றான். காரணம் நமக்கு விளங்கிற்று. ஆயினும் அன்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் பெருந்தன்மை நமக்கு வரவில்லை.

பின்னாளில் மௌலானாவின் அதே முன்னுரையை மறுபடியும் ஓதுகையில், முன்பு கவனியாது விட்ட ஓரிடம் கண்ணிற் பட்டது. பிள்ளைகளின் இயல்பையும் நடையையும் பின்பற்றியே தாம் எழுதியதாகவும், சொற்களையும் வாக்கியங்களையும் மீண்டும் மீண்டும் கூறும் முறையையும் எளிய பதங்களையும் கைக்கொண்டதாகவும் அங்கே அவர் கூறுகிறார். கீலானியின் வழியும் இதுவன்றோ? முதற் பாகத்தில் இப்ராஹீம் (அலை) அவர்கள் விண்மீனையும் சந்திரனையும் சூரியனையும் நோக்கி ஒவ்வொன்றாக விலக்கும் இடத்தைப் பாருங்கள். அல்அன்ஆம் அத்தியாயம் கூறும் அந்நிகழ்ச்சியை மௌலானா பிள்ளையின் வினாவாகவே நடத்திச் செல்கிறார். ஹய்யும் அந்த வானத்தின் கீழேதான் நின்றான். பொருளில் வேறுபட்ட இருவர் கலையில் அண்டை வீட்டார்.

விலங்குகள் பேசுவதுதான் குற்றமெனில், நம் அதபுப் பாடத்திலேயே ‘கலீலா வ திம்னா’ ஓதப்படுகிறதே. அது நம் நாட்டுப் பஞ்சதந்திரத்தின் வழி வந்ததாயிற்றே. ஸுலைமான் (அலை) அவர்கள் முன் எறும்பும் ஹுத்ஹுதும் பேசியதைத் திருமறையே கூறவில்லையா?

கீலானியிடம் குறையில்லை என்று நாம் வாதிடவில்லை. மூத்த சிறார்க்கென எழுதியவற்றில் ஒருபொருட் பன்மொழி மிகுந்து நடை கனக்கிறது. விறுவிறுப்பான இடத்திற் சொற்பொருள் விளக்கம் குறுக்கிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்து நிறுத்துகிறது. லியர் மன்னனின் கதை பெற்றோரான பின் படிக்க வேண்டியது. பத்து வயதினனுக்கு அது என்ன சொல்லும்? நபிமார் வரலாற்றிலும், மௌலானாவின் நூலுக்கு ஈடாகப் பிள்ளை மனத்தில் நிலைபெற்ற வேறொன்றை நாம் அறியோம். அவ்வளவில் மௌலானாவின் வருத்தம் நியாயமே.

நம் வருத்தம் வேறு. தமிழில் நம் பிள்ளைகளுக்கென வரும் நூல்களுட் பல, மௌலானாவின் குறைபாட்டுரையை எடுத்துக்கொண்டு அவருடைய கலையை விட்டுவிட்டன. பெரியோர்க்குரிய பயானைச் சுருக்கி, ‘குழந்தைகளே!’ என்று விளித்துவிட்டால் சிறுவர் நூலாகிவிடும் என்று எழுதுவோர் எண்ணுகின்றனர். பக்கத்துக்குப் பக்கம் அறிவுரை. ஒரு சொல்லேனும் பிள்ளை மறுபடி சொல்லிப் பார்க்கத்தக்கதாயில்லை. நம் பாட்டிமார் நூறு மசாலாவை ஓதக் கேட்ட பிள்ளைகள் அடுத்த வினா என்னவோ என்று உறங்காதிருந்தனர். கிஸ்ஸாக்களைப் பாடிக் கேட்ட சமுதாயத்திற்குக் கதை சொல்லத் தெரியாது என்று யார் நம்புவார்?

1959-இல் கீலானி மறைந்தார். ஹிந்தாவி நிறுவனம் அவருடைய நூல்கள் பலவற்றைக் கட்டணமின்றி மின்னூல்களாக இன்று வழங்குகிறது. ஜபர், ஜேர், பேஷ் எல்லாம் உரிய இடத்தில் இருக்கின்றன. வரும் ஷவ்வாலில் வகுப்புத் தொடங்கும்போது ‘கஸஸுன் நபிய்யீ’னோடு ஹய்யின் கதையையும் இரண்டாம் ஆண்டு மாணவர் கையிற் கொடுக்க எண்ணியுள்ளோம். உள்ளிருக்கும் படங்களைக் குறித்து நிர்வாகத்தார் கேட்டால், அதற்கு விடை சொல்வது நம் பொறுப்பு.