ஏழாம் பருவம்

மனித வாழ்வை ஏழு பருவங்களாக வகுத்துக் காட்டும் உரை ஒன்று, ஷேக்ஸ்பியரின் 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்திலே உண்டு. கடைசிப் பருவம், நினைவிழந்த இரண்டாம் குழந்தைப் பருவமாம்! கல்லூரியிலே மனப்பாடம் செய்தோம். வகுப்பறையிலே மாணவர்க்கும் ஓதினோம். உரைத்தவன் யார் என்று சிந்தித்தோமா?

உரைத்தவன் ஜேக்குவிஸ், வாழ்விலே இருளையே தேடும் சோர்வுவாதி. அவன் பேசி முடித்ததும், ஆர்லண்டோ சுமந்து வருவது யாரை? எண்பதை எட்டும் பணியாளன் ஆடமை! அரும்பாடுபட்டுச் சேர்த்த 500 பொற்காசுகளையும் இளைஞனிடம் தந்து, காட்டுக்கும் துணை வந்தவன் அவன். பசியால் உடல் தளர்ந்தது. உள்ளமும் அறிவும் தளரவில்லை. பாத்திரத்தின் பழிச்சொல்லை நாடகமே மறுக்கிறது. நாமோ மறுப்பை மறந்தோம், பழியைப் பழமொழியாக்கினோம்!

விளைவு? மறதிநோய் கண்டவரை, 'வயதானால் அப்படித்தான்' என்று கூறி, மருத்துவரிடம் அழைத்துச் செல்லாதிருக்கிறோம். அவர் எதிரிலே அமர்ந்திருக்க, அவரைக் கேளாமலே அவரைப்பற்றி முடிவெடுக்கிறோம். ஏளனத்துக்கு அஞ்சி அவரும் வாய்மூடுகிறார்.

ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரிலே, 1901இல் மருத்துவர் அல்சைமர் கண்ட அகஸ்டே டீட்டர் அம்மையாருக்கு வயது 51தான்! 1906இல் அம்மையார் மறைந்தபின், அவர் மூளையை ஆராய்ந்த அல்சைமர், நோயின் தடயங்களை உலகுக்கு அறிவித்தார். முதுமையிலே இந்நோய் மிகுதி. எனினும் முதுமையே நோயன்று. நோயுற்றவரும் குழவியல்லர், ஒரு முழு வாழ்வை வாழ்ந்தவர்.

தோழர்களே, ஷேக்ஸ்பியரைப் படியுங்கள். ஆனால் அந்த உரையோடு ஏட்டை மூடிவிடாதீர்கள்! அடுத்த வரியிலே ஆடம் வருகிறான்.