விளக்கும் பதிவெண்ணும்

செவிலியர் கல்லூரிகளில் விளக்கேந்தி எடுக்கும் நைட்டிங்கேல் உறுதிமொழியை நைட்டிங்கேல் எழுதவில்லை. 1893இல் டெட்ராய்ட்டில் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையிலான குழு எழுதியது. அந்தப் பிரதியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சொல் இடறுகிறது: விசுவாசம். மருத்துவரை ஆணாகவே வைத்து, அவர் பணிக்கு விசுவாசமாகத் துணைநிற்பேன் என்கிறாள் செவிலி. நோயாளியின் நலனுக்கும் தன்னை ஒப்படைக்கிறாள். இரண்டும் மோதினால் என்ன செய்வது? பிரதியில் பதில் இல்லை.

1926இன் செவிலியர், மருத்துவச்சியர் சட்டப்படி அவள் பெறும் பதிவோ அவளுடைய பெயரில் இருக்கிறது. நடத்தை தவறினால் நீக்கப்படுவதும் அவள் பெயர்தான். முதல் இரவுப் பணியில், எழுதித்தந்த மருந்தின் அளவு கூடுதலாகத் தெரிந்தால், “டாக்டர், இது சரியா?” என்று அவள் கேட்டாக வேண்டும். அந்தக் கேள்விக்கு உறுதிமொழியில் ஒரு வரிகூட இல்லை.