குறிஞ்சிக்கலியில் ஒரு பொய்

குறிஞ்சித் திணைக்குரிய பெரும்பொழுதாகக் கூதிரையும் முன்பனியையும் வகுத்தார் தொல்காப்பியர். ஐப்பசி முதல் தை வரையுள்ள குளிர்காலம் அது. சிறுபொழுது, நள்ளிரவாகிய யாமம். குளிரும் இருளும் காதலரை நெருங்கச் செய்யும் என்பது மரபு. தேயிலை மலைகள் சூழ்ந்த ரிங்லெட்டில் வாழும் எங்களுக்கு இம்மரபை விளக்க உரையாசிரியர் வேண்டுவதில்லை. மாலைச் சாரலும் இரவுக் குளிருமே போதும்.

ஆயினும், குறிஞ்சிப் பாடல்களுள் என் நெஞ்சை விட்டு நீங்காதது குளிரையோ யாமத்தையோ குறிப்பிடாத ஒரு பாடல். கபிலர் பாடியதாகக் கொள்ளப்பெறும் குறிஞ்சிக்கலியுள் அமைந்த அது, கலித்தொகையின் 51ஆம் பாடல்.

தலைவி தோழியிடம் கூறுகிறாள். சிறு வயதில் தெருவில் தாங்கள் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைத்தவன், சூடிய மாலையை அறுத்தவன், பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியவன், ஒருநாள் தண்ணீர் கேட்டு வீட்டு வாயிலில் நிற்கிறான். தாயின் ஏவலால், அவன் இன்னான் என்று அறியாமலே நீர் கொண்டு செல்கிறாள். அவன் கையைப் பற்றுகிறான். அவள் திடுக்கிட்டுத் தாயை அழைக்கிறாள். தாய் பதறி வர, அவனுக்கு விக்கல் எடுத்ததென்று சொல்லிவிடுகிறாள். தாய் அவன் முதுகை நீவுகிறாள். அவனோ கடைக்கண்ணால் இவளை நோக்கி நகைக்கிறான். அவ்வளவே கதை.

ஆசிரியர் பயிற்சி முடித்து வந்த புதிதில், மாலை வேளையில் இலக்கியம் பயில வந்த இளைஞர்க்கு இப்பாடலை நடத்தாது விட்டேன். தாயிடம் பொய்யுரைக்கும் மகளைப் பாடமாக்கலாகாது என்று அன்று எண்ணினேன். அது என் பிழை. பாடலின் உயிரே அப்பொய்தான்.

கையைப் பற்றியது முறையா எனின், முறையன்று. அவள் கூவியதே அதற்குச் சான்று; கபிலர் அதனை மறைக்கவில்லை. ஆனால் காட்டிக்கொடுப்பதா காப்பதா என்னும் முடிவை அவளிடமே விட்டார். இமைப்பொழுதில் அவள் காத்தாள். எதனால்? அவன் செய்த குறும்புகளை ஒன்றுவிடாமல் அடுக்கிச் சொல்கிறாள் அல்லவா? வெறுப்பவர் இத்தனை நுணுக்கமாக நினைவில் வைப்பதில்லை. தொடக்கத்தில் அடங்காச் சிறுவனென்று வைதவள், இறுதியில் கள்வனென்று வைகிறாள். இவ்விரு வசைகளுக்கும் இடைப்பட்ட தொலைவே அவர்தம் காதல்.

மேலும், ஒத்திகையின்றி இருவரும் ஒரு நாடகத்தை நடித்து முடிக்கின்றனர். மணலில் வீடு கட்டிய ஆட்டமே உண்மை வீட்டினுள் தொடர்கிறது. அன்று அவன் சிதைத்தான். இன்று சிதையவிருந்ததை அவள் காத்தாள். முன்பின் அறியாதவரால் இஃது இயலுமா?

குளிர்காலக் காதல் எழுத விரும்பும் நம் இளம் எழுத்தாளர் சிலர், பனி பொழியும் மேலைநாட்டு நகரங்களைத் தேடிச் செல்கின்றனர். பனி பின்னணி மட்டுமே. பகிர்ந்துகொண்ட பழமை இல்லையேல் சில நொடிச் சந்திப்பு கதையாகாது. தீபாவளிக்குக் கோலாலம்பூரிலிருந்து தோட்டம் திரும்பும் இளைஞன், லயத்து வாசலில் தன்னோடு விளையாடியவளைக் காண்பதும் ஐப்பசியில்தான், அதுவும் கூதிர்தான். அவன் அவளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கட்டும். கதை தானே பிறக்கும்.