கோட்டுக்கு முன்னால் வேகம்

2025 ஜூன் 15 அன்று ஓக்மான்ட் கோல்ஃப் மைதானத்தின் 18ஆம் கிரீனில் ஜே.ஜே. ஸ்பான் உருட்டிய 64 அடி பட் குழிக்குள் விழுந்தது. அமெரிக்க ஓப்பன் பட்டம் அவருக்குக் கிடைத்தது. பந்தை உருட்ட அவர் கையிலிருந்த கட்டையான பட்டருக்கும் பெரிய பேர் கிடைத்தது. அடிக்கும்போது முகம் தானாகத் திரும்பிவிடாதபடி எடையைச் சமன் செய்து லேப் நிறுவனம் உருவாக்கிய பட்டர் அது. இன்று பட்டிங் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் திசையைத்தான் பேசுகிறார்கள். பந்தில் பேனாவால் கோடு, காலடியில் கண்ணாடி, தரையில் லேசர் கற்றை, முகம் திரும்பாத பட்டர். பந்து புறப்படும் திசை சரியாக அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் தானே வந்து சேரும் என்பது இந்தப் புதிய பழக்கத்தின் அடிப்படை நம்பிக்கை. அதற்கு ஸ்பானின் பட்டைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள்.

என் பார்வையில் அந்த பட் எதிர்க்கட்சிச் சாட்சி. அன்று மழை பிடித்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆட்டம் நின்றது. உலகிலேயே வேகமானவை என்று பேர் வாங்கிய ஓக்மான்ட் கிரீன்கள் நனைந்து ஊறிக் கிடந்தன. ஸ்பானுக்கு இரண்டு பட்டில் முடித்தாலே பட்டம். கூட ஆடிய விக்டர் ஹோவ்லாண்டின் பந்து ஏறக்குறைய அதே வழியில் கிடந்தது; அவர் முதலில் உருட்டினார். அந்தப் பந்து எங்கே வேகம் குறைந்தது, எங்கே சரிவுக்கு இணங்கியது என்பதை ஸ்பான் நின்று பார்த்தார். ஈரத் தரையில் 64 அடியைக் கடந்து குழிவாயில் ஓய்கிற வேகத்தில் ஒரு பந்தை அனுப்புவது எந்தப் பட்டரின் முகத்திலும் எழுதி வைத்த வித்தையாக இருக்க முடியாது. அது கணிப்பு.

திசைக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டியதை முதலில் கொடுத்துவிடலாம். குழியின் அகலம் 4.25 அங்குலம். 10 அடியிலிருந்து நேராக அடிக்கும்போது திசை ஒரு பாகைக்கு மேல் பிசகினால் பந்தின் நடுப்பகுதி குழி விளிம்புக்கு வெளியே போய்விடும். பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அடிக்கும் கணத்தில் பட்டர் முகம் பார்க்கும் பக்கம்தான். புதிதாகப் பழகுகிறவர் பலர், தாங்கள் குறிவைத்ததாக நினைக்கும் இடத்தைக் குறிவைப்பதே இல்லை. அவர்களுக்குக் கண்ணாடியும் கோடும் நல்ல மருந்து. ஐந்து அடிக்குள் இருக்கும் பட்டில் திசைதான் ராஜா. இதில் எனக்கு வழக்கில்லை.

என் வழக்கு வரிசை பற்றியது. முதலில் கோடு, பிறகு வேகம் என்று கற்றுக்கொடுக்கிறார்கள். ஆனால் சரிவுள்ள கிரீனில் வேகத்தைத் தீர்மானிக்காமல் கோடு என்று ஒன்று இருக்கவே முடியாது. குழியை மூன்றடி தாண்டும் வேகத்தில் அடித்தால் வளைவு குறையும். குழிவாயில் சாகிற வேகத்தில் அடித்தால் வளைவு கூடும். ஒரே இடத்திலிருந்து ஒரே குழிக்கு எத்தனை வேகமோ அத்தனை கோடு. பந்தில் வரைந்த கோட்டை ஓர் இலக்கை நோக்கித் திருப்பி வைக்கும்போதே ஆட்டக்காரர் ஏதோ ஒரு வேகத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறார். எந்த வேகம் என்று கேட்டால் பதில் வராது. பதில் இல்லாத கோட்டை ஒரு மயிரிழை பிசகாமல் வைத்து என்ன பயன்?

இன்னும் ஒன்று. குழியின் அகலம் விதிப்படி 4.25 அங்குலம்தான், ஆனால் பந்துக்கு அது வேகத்தைப் பொறுத்துச் சுருங்கும். சமதளத்தில் மிகச் சரியாக நடுவில் வந்தாலும் நொடிக்கு ஏறத்தாழ 1.6 மீட்டருக்கு மேல் வேகம் இருந்தால் பந்து குழியைத் தாண்டிப் போய்விடும். மெல்ல வரும் பந்தோ விளிம்பைத் தொட்டாலும் உள்ளே சரியும். திசையில் சிறு பிழைக்கு மன்னிப்புக் கொடுப்பதே நல்ல வேகம்தான். கெட்ட வேகத்துக்கு மன்னிப்புக் கொடுக்கும் திசை எதுவும் கிடையாது.

அந்தமானில் இருந்து இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் தீவுகளில் மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஓய்வதற்குள் வடகிழக்கு வந்துவிடும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. காற்றில் எப்போதும் ஈரம். இப்படிப்பட்ட கடலோர வெப்ப நிலத்தில் புல் காலையில் ஒரு விதம், வெயில் ஏறினால் ஒரு விதம், தூறல் விழுந்தால் வேறு விதம். கிரீனின் வேகத்தை அளக்க ஸ்டிம்ப்மீட்டர் என்ற சாய்வுக் கோல் இருக்கிறது; எட்வர்ட் ஸ்டிம்ப்சன் 1935இல் இதே ஓக்மான்டில் நடந்த அமெரிக்க ஓப்பனைப் பார்த்த பிறகு உருவாக்கியது. கோலிலிருந்து இறங்கும் பந்து எத்தனை அடி ஓடுகிறதோ அதுதான் கிரீனின் அளவு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். காலையில் 10 அளவில் ஓடிய கிரீன் மழைக்குப் பிறகு 8க்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். காலையில் 30 அடிக்குச் சரியாக இருந்த அதே அடி இப்போது 24 அடியில் நின்றுவிடும், ஆறடி பாக்கி. சரி, வேகத்தைக் கூட்டிக் குழிவரை கொண்டுபோகிறார் என்றே கொள்வோம். காலையில் 50 சென்டிமீட்டர் வளைந்த பந்து இப்போது ஏறத்தாழ 40 சென்டிமீட்டர்தான் வளையும். அந்தப் பத்து சென்டிமீட்டர் வித்தியாசம் கிட்டத்தட்ட ஒரு முழுக் குழி. காலையில் லேசர் வைத்துச் சரிபார்த்த கோடு மதியம் பொய்க்கோடாகிவிட்டது. பட்டர் முகம் துளியும் திரும்பவில்லை. பந்து மட்டும் குழியின் மேற்பக்கமாகப் போய்விட்டது.

கேரம் ஆடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். காற்றில் ஈரம் ஏறிய நாளில் பலகை இழுக்கும். ஸ்ட்ரைக்கரை வெறுமனே நாலு முறை சுண்டி ஓட்டம் பார்த்த பிறகுதான் சென்னைக் காசிமேட்டுப் பையன் காயைக் குறிவைப்பான்.

திசைக் கட்சியின் வலுவான வாதம், தீவில் இருப்பவர்களைக் காட்டியே சொல்லப்படுகிறது. நல்ல கிரீன் கைக்கெட்டாத இடத்தில் இருப்பவர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துத் திசையையாவது பழகலாமே, வேகத்தை எங்கே போய்ப் பழகுவார் என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அந்தப் பாயைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். பல பாய்களில் குழி இருக்கும் முனை மேடாக்கப்பட்டிருக்கும், பந்து திரும்பி உருண்டு வருவதற்காக. அந்த மேட்டில் ஏற ஒவ்வொரு பந்தையும் தேவைக்கு மேல் அழுத்தி அடிக்க வேண்டும். தாண்டிப் போனால் பின்சுவர் தடுத்து நிறுத்தும். ஐந்தடி தாண்டும் பந்துக்கும் அரையடி தாண்டும் பந்துக்கும் அங்கே ஒரே மதிப்பெண். நூறு பந்து உள்ளே போட்ட மகிழ்ச்சியோடு எழுந்திருக்கிறவர் உண்மையில் பழகியது தவறான வேகத்தை. திசை மட்டும்தான் பழகுகிறோம், வேகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம். கை ஏதாவது ஒரு வேகத்தைப் பழகிக்கொண்டேதான் இருக்கும்.

வேகம் உணர்வு சார்ந்தது, அதைச் சொல்லிக்கொடுக்க முடியாது என்ற சமாதானத்தையும் நான் ஏற்கவில்லை. சொல்லிக்கொடுக்கச் சிரமம் என்பதே உண்மை. திசையைக் கருவியாக விற்கலாம், படம் பிடித்துக் காட்டலாம், மாணவரின் பிழையைப் பாகைக் கணக்கில் சொல்லலாம். வேகத்துக்கு அந்தக் கவர்ச்சி இல்லை. குழியே இல்லாமல் கிரீனின் ஓரப் புல் வரைக்கும் உருட்டி, அதைத் தொட்டு நிற்கச் செய்வது ஒரு பயிற்சி. 20, 30, 40 அடியென்று தூரத்தை மாற்றி மாற்றி ஒரே பந்தை அடிப்பது இன்னொன்று. அடித்தவுடன் தலை நிமிராமல், பந்து எங்கே நிற்கும் என்று வாயால் சொல்லிவிட்டுப் பிறகு பார்ப்பது மூன்றாவது. மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று. இவற்றில் எதற்கும் கருவி வேண்டாம். கடையில் விற்க ஒன்றும் இல்லாததால்தான் இவற்றைப் பற்றிப் பேச ஆளில்லை என்று நான் நினைக்கிறேன்.

புல்லைப் படிக்கவும் யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. வெப்ப நாட்டு பெர்முடா புல் ஒரு பக்கமாகப் படுத்து வளரும். படுத்த திசையில் பார்த்தால் பளபளப்பு, எதிர்த்துப் பார்த்தால் கருமை. சந்தேகம் இருந்தால் குழிவாயைக் குனிந்து பார்க்கலாம்: ஒரு விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் சுத்தமாக இருக்கும், எதிர் விளிம்பு சிதைந்து வேர் தெரியும். சிதைந்த பக்கத்தை நோக்கித்தான் புல் வளர்கிறது. அந்தத் திசையில் பந்து ஓடும், எதிர்த்தால் இழுக்கும். ஆட்டக்காரருக்குத் துணையாக வரும் கேடிகளுக்கு இது பால பாடம். பந்தின் கோட்டைத் திருத்தித் திருத்தி வைத்துக்கொண்டிருக்கும் ஆட்டக்காரரின் கண் அந்த நேரம் முழுக்கப் பந்தின் மீதே இருக்கிறது. புல்லையும் குழியையும் பார்க்க வேண்டிய கண் அது.

தொழில்முறை ஆட்டக்காரர்களின் கணக்கும் என் பக்கம்தான். எட்டு அடியிலிருந்து அவர்களே பாதிதான் உள்ளே போடுகிறார்கள். 33 அடி வாக்கில் ஒரே பட்டில் முடிப்பதற்கும் மூன்று பட் ஆவதற்கும் ஏறத்தாழ சம வாய்ப்பு. உலகின் சிறந்த கைகளுக்கே இந்த நிலை என்றால் வார இறுதியில் ஆடுகிறவர் நீள பட்டை உள்ளே போடத் துடிப்பது வீண். அவர் பக்கவாட்டில் ஓரடி தவறுகிறார், நீளவாட்டில் ஆறடி தவறுகிறார். அந்த ஆறடிதான் மூன்றாவது பட். கோடும் கண்ணாடியும் அந்த ஓரடியைத்தான் திருத்தும்.

இந்தியாவில் இதற்குப் பெரிய உதாரணம் தேவையென்றால் பெங்களூரின் அதிதி அசோக் இருக்கிறார். 2021 ஆகஸ்டில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அறுபது பேரில் தூரம் அடிப்பதில் ஏறக்குறைய கடைசி இடத்தில் இருந்தவர், பட்டிங்கில் முதல் வரிசையில் நின்றார். உலகத் தரவரிசையில் 200ஆம் இடத்திலிருந்து வந்து நான்காவதாக முடித்தார். பதக்கத்துக்கு ஒரே ஓர் அடி குறைவு. அங்கும் கடைசி நாளில் மழை வந்து ஆட்டம் நின்றது. கிரீனுக்கு எட்டவே மற்றவர்களைவிட நீளமான கட்டை எடுக்க வேண்டியிருந்த ஒருவர் நான்கு நாளும் தாக்குப்பிடித்தது, எந்த இடத்தில் பந்து நின்றாலும் அடுத்த பட்டைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்ததால்தான். பந்தை எங்கே நிறுத்துவது என்று தெரிந்த கை அது. சரியான பட்டர் வாங்கினால் வந்துவிடும் திறமையாக அதை இளைஞர்களுக்குக் காட்டுவது அந்த உழைப்புக்குச் செய்யும் அநீதி.

பயிற்சியாளர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். முதல் மாதம் மாணவரின் பந்தில் கோடு வரைய வேண்டாம், பாயில் குழி வெட்ட வேண்டாம். நனைந்த புல்லிலும் காய்ந்த புல்லிலும் பந்தை நினைத்த இடத்தில் நிறுத்தப் பழக்குங்கள். 30 அடியிலிருந்து பத்துக்கு எட்டுப் பந்தை இரண்டடிக்குள் நிறுத்துகிறவருக்குப் பிறகு கண்ணாடி கொடுங்கள், லேசர் கொடுங்கள். அவருக்கு அவை பயன்படும். அதற்கு முன் கொடுத்தால் தவறான இடத்துக்கு நேராக அடிக்கத்தான் கற்றுக்கொள்வார்.